சாய்தளத்தின் சரித்திரம்

ஜவ்வாது மலைக்கு ஏறும் வழிகள் இருவகை. ஒன்று, மலையாளி எனப்படும் மலைவாழ் மக்களின் கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை. அது சரிவின் மார்பிலே நேராக ஏறும். மற்றொன்று வண்டிப் பாதை. அது ஆலங்காயத்துப் பக்கமிருந்து வளைந்தும் நெளிந்தும் சென்று, ஒற்றையடிப் பாதை அடையும் அதே உயரத்தைப் பன்மடங்கு தூரம் சுற்றியே அடையும். சாமையும் புளியும் தலைச்சுமையாக நேர்வழியில் இறங்கும். பாரவண்டியோ வளைவழியில்தான் ஏறும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் கிடங்குகளுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டியிருந்த காலத்திலும் வண்டிக்காரர் அறிந்திருந்த உண்மை இதுவே: உயரம் ஒன்றாக இருக்க, வழி நீள நீள மாட்டின் கழுத்துக்குப் பாரம் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல மனித குலத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பிடித்தன.

இன்று பதினோராம் வகுப்பு மாணவர் அதனை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஐந்து மீட்டர் நீளமுள்ள சாய்தளம். அதன்மேல் நூறு கிலோ எடையுள்ள ஒரு கட்டை. உராய்வு என்பதே இல்லையாயின், அதனைச் சரியாமல் தாங்கி நிற்க இருபது கிலோ எடைக்குச் சமமான விசை போதும். எடையை உயரத்தால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். எஞ்சிய அழுத்தத்தைத் தளம் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தனக்குச் செங்குத்தான திசையில் கட்டையைத் திருப்பித் தள்ளுகிறது. கையை எடுத்துவிட்டாலோ கட்டை சறுக்கி, நேரே கீழே விழும் பொருள் பெறும் வேகவளர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்கைப் பெறும். பாடம் இவ்வளவே.

ஆனால் பாடம் முடிந்ததும் அறிவுள்ள மாணவர் இரண்டு கேள்விகள் கேட்பார். உராய்வே இல்லாத தளம் உலகில் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. இதை முதலில் கண்டவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நம்மிடையே வழங்கும் விடைகள் இரண்டு, இரண்டும் பழுதுடையவை. நியூட்டன் பிறக்குமுன்பே நம்மவர் யாவற்றையும் கண்டு முடித்துவிட்டனர் என்பது மேடை விடை. அரபியர் கிரேக்கச் சரக்கைப் பூட்டி வைத்திருந்து ஐரோப்பியரிடம் திறந்துகொடுத்த கிடங்குக்காரரே என்பது மற்றொரு சாராரின் விடை. முதலாவதை நம்பி வளரும் பிள்ளை கல்லூரிக்குச் சென்று அது மிகையென்று கண்ட அன்று, அதனோடு சேர்ந்த மெய்யையும் தூக்கி எறிந்துவிடுகிறது. இரண்டாவதை நம்புவதோ தன் பாட்டனாரின் நூலகத்தைப் பாராமலே விற்றுவிடுகிறது. ஆகவே கணக்கை உள்ளது உள்ளபடி எழுதிப் பார்ப்பது நம்மீது கடமையாகிறது.

கணக்கு அலெக்ஸாந்திரியாவில் தொடங்குகிறது. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த ஹீரோன் என்பார் பாரம் தூக்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் கிரேக்க மூலம், பிறர் எடுத்தாண்ட சில பகுதிகள் நீங்கலாக, அழிந்துபோயிற்று. முழுநூலும் இன்று கிடைப்பது அரபு மொழியில் மட்டுமே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், பாக்தாதில் புகழ்பெற்று விளங்கிய குஸ்தா இப்னு லூக்கா அதனை மொழிபெயர்த்தார். 'ரஃப்உல் அஷ்யாஇஸ் ஸகீலா' என்னும் அதன் தலைப்புக்குப் பாரமான பொருள்களை உயர்த்துதல் என்பது பொருள். குஸ்தா, பஃலபக் நகரத்துக் கிறிஸ்தவர். எடைகளைப் பற்றிய 'கரஸ்தூன்' நூலை எழுதிய தாபித் இப்னு குர்ரா, ஹர்ரானைச் சேர்ந்த ஸாபிஈ. இதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அப்பாஸிய கலீபாக்களின் தலைநகரில் அறிவு பேசிய மொழி அரபு. அம்மொழியின் கூடத்தில் பலரும் அமர்ந்திருந்தனர். கூடத்தைக் கட்டியதும் ஒரு பெருமைதானே!

அந்நூலில் பாரம் நகர்த்தும் ஐந்து கருவிகள் கூறப்படுகின்றன. அச்சோடு கூடிய உருளை, நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு என்பன அவை. ஆப்பசைத்த குரங்கின் கதை நாம் அறிந்ததே. ஆப்பு என்பது ஓர் இடத்தில் நில்லாமல் நகரும் சாய்தளமேயன்றி வேறில்லை. திருகாணியும் முறுக்கிய ஆப்பே என்று ஹீரோன் கண்டது நுண்மையான பார்வை. இன்னுமொன்று. தரையில் கிடக்கும் பாரத்தை நகர்த்த அப்பாரத்துக்குச் சமமான விசை வேண்டும் என்று பலர் எண்ணுவது தவறு. தளம் வழவழப்பாகவும் சமமாகவும் இருந்தால் எத்துணைச் சிறிய விசையும் போதும் என்று அவர் எழுதினார். உராய்வை மனத்தால் நீக்கிப் பார்க்கும் பழக்கத்தின் மிகப் பழைய சுவடுகளுள் இது ஒன்று. அது நமக்குக் கிடைத்திருப்பது அரபு எழுத்தில் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எனினும் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு ஹீரோன் சொன்ன வழி சரியன்று. சாய்தளத்தில் கிடக்கும் உருளையை, அது தளத்தைத் தொடும் கோட்டின் வழியே செங்குத்தாக இரண்டாகப் பிளந்ததாக எண்ணி, பெரிய பகுதிக்கும் சிறிய பகுதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்க வேண்டிய எடையாகக் கொண்டார். அழகான யோசனை, விடைதான் பொருந்தவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து அதே நகரத்துப் பாப்பஸ் செய்த கணக்கு இன்னும் மோசம். அதன்படி செங்குத்துச் சுவரோரமாக ஒரு கல்லைத் தூக்க எல்லையற்ற விசை வேண்டும்! கிணற்றிலிருந்து குடத்தை இறைக்கும் எந்தப் பெண்ணும் அவரைத் திருத்தியிருப்பாள்.

அரபு மொழியில் எடைகளைப் பற்றிய கலை 'இல்முல் அஸ்கால்' என்று தனித்துறையாகவே வளர்ந்தது. அதன் சிகரம், மெர்வ் நகரில் ஸுல்தான் ஸன்ஜரின் ஆட்சியில் அல்காஸினீ ஹிஜ்ரி 515-இல், அதாவது 1121-ஐ ஒட்டி இயற்றிய 'மீஸானுல் ஹிக்மா'. தராசையும் பொருள்களின் ஒப்படர்த்தியையும் பற்றி அதற்கிணையான நூல் அக்காலத்தில் வேறெங்கும் இல்லை. ஆயினும் சாய்தள விதியின் முதல் சரியான நிரூபணம் என்று அறிவியல் வரலாற்றாசிரியர் கொள்வது, 13-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுந்த, ஜோர்டானஸின் பெயரால் வழங்கும் நூலிலுள்ளது. அந்த லத்தீன் எடைக்கலைக்கு ஊட்டமளித்தவற்றுள் ஒன்று, தாபித் இப்னு குர்ராவின் கரஸ்தூன். அதைத் தொலைடோவில் லத்தீனாக்கியவர் 1187-இல் மறைந்த ஜெரார்டு. ஆக, நெம்புகோலின் விளக்கம் அரபிலிருந்து சென்றது, சாய்தளத்தின் விடை லத்தீனில் பிறந்தது. இப்படிச் சொல்வதால் எவருடைய பெருமைக்கும் குறைவில்லை.

மாணவரின் முதல் கேள்விக்கு வருவோம். உராய்வில்லாத தளம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. இல்லாத ஒன்றை வைத்து ஏன் கணக்கிட வேண்டும்? இந்த இடத்தில்தான் நம் முன்னோரின் உண்மையான பங்கு இருக்கிறது. மேடைகளில் அதனை எவரும் எடுத்துரைப்பதில்லை.

தர்ஸெ நிஜாமியா பாடத்திட்டத்தில் ஓதியவர்களுக்கு 'ஹிதாயத்துல் ஹிக்மா'வும், அதன் விளக்கமாகிய மைபதீயும் அந்நியமல்ல. அவற்றில் 'மைல்' என்றொரு சொல் வரும். சாய்வு என்பதே அதன் நேர்ப்பொருள். பாரமான பொருளுக்குக் கீழ்நோக்கிய சாய்வு இயல்பாகவே உண்டு. அது 'மைல் தபீஈ'. எறியப்பட்ட கல்லுக்கு எறிந்த கை கொடுத்த சாய்வு உண்டு. அது 'மைல் கஸ்ரீ'. உயிருள்ளவை தம் விருப்பத்தால் அசைவதற்குரியது 'மைல் நஃப்ஸானீ'. கையை விட்டுப் பிரிந்த கல் ஏன் தொடர்ந்து செல்கிறது என்பதற்கு, காற்று பின்னிருந்து தள்ளுகிறது என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார். இப்னு சீனா (980–1037) அதை ஏற்கவில்லை. கல்லினுள்ளேயே ஒரு மைல் பதிந்திருக்கிறது; வெளியிலுள்ள தடைகளே அதைத் தேய்த்து அழிக்கின்றன என்றார்.

அங்கிருந்து அவருடைய நுண்ணறிவு அடுத்த படிக்குத் தாவியது. காற்றும் இல்லை, வேறு தடையும் இல்லை என்று வைத்துக்கொண்டால்? அப்போது மைலைத் தேய்ப்பது எதுவுமில்லை. எனவே கல் நிற்காமல் சென்றுகொண்டே இருக்க வேண்டும். தடையற்ற உலகத்தின் வாயிற்படி இதுவே. இப்னு சீனா அப்படியில் காலை வைத்தார், வைத்தபின் திரும்பிவிட்டார். முடிவற்ற அசைவு நடவாத காரியம். அவ்வாறு நடவாத ஒன்றுக்கு இட்டுச் செல்வதால் வெற்றிடம் என்பதே இருக்க முடியாது என்று தம் வாதத்தை முடித்தார். வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் உறுதியானது. கடைசிக் கண்ணியை மட்டும் அவர் மறுபக்கமாகப் பிடித்தார். இதை எண்ணும்போதெல்லாம் நமக்குப் பெருமையும் ஏக்கமும் ஒருங்கே எழுகின்றன.

அடுத்த நூற்றாண்டில் இருவர் வருகின்றனர். பாக்தாதின் அபுல் பரகாத், விழும் பொருளின் வேகம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு, கணந்தோறும் புதிய மைல் பழைய மைலின்மேல் சேர்ந்துகொண்டே வருகிறது என்று விளக்கம் தந்தார். சறுக்கும் கட்டையின் வேகவளர்ச்சியை எண்ணிப் பார்ப்போருக்கு இதன் அருமை புரியும். மற்றவர் ஸ்பெயின் நாட்டு ஸரகோஸாவைச் சேர்ந்த இப்னு பாஜா. 1138-இல் ஃபாஸ் நகரில் மறைந்த இவர், தடை என்பது அசைவுக்கு அவசியமான நிபந்தனையன்று. அது அசைவிலிருந்து கழிக்கப்படுவது மட்டுமே என்றார். தடை நீங்கினால் வேகம் எல்லை கடந்து போய்விடாது. அதற்கென உரிய அளவிலேயே நிற்கும் என்பது அவர் முடிவு. இப்னு ருஷ்து இதை மறுப்பதற்காகவே தம் விரிவுரையில் எடுத்தெழுதினார். மறுப்புரை லத்தீனுக்குச் சென்றபோது மறுக்கப்பட்ட கருத்தும் உடன் சென்றது. தாமஸ் அக்வினாஸ் முதலியோர் இப்னு பாஜாவின் பக்கம் நின்றனர். எதிரியின் நூலிலே ஏறிக் கடல் கடந்த கருத்து இது.

ஐரோப்பாவின் கதையை நாம் சுருக்கமாகவே சொல்லலாம். 1586-இல் லெய்டன் நகரில் அச்சான நூலில் ஸைமன் ஸ்டெவின் ஓர் ஆப்பின் மேல் பதினான்கு குண்டுகள் கோத்த மாலையைத் தொங்கவிட்டுக் காட்டினார். ஒருபுறச் சரிவு மறுபுறத்தைப்போல் இருமடங்கு நீளம். ஆகவே அதன்மேல் இருமடங்கு குண்டுகள் கிடக்கும். மாலை தானாகச் சுழலுமாயின் முடிவின்றிச் சுழல வேண்டும், அது நடவாது. எனவே நீண்ட சரிவிலுள்ள நான்கு குண்டும் குறுகிய சரிவிலுள்ள இரண்டு குண்டும் சமமாக நிற்கின்றன. கணக்கே இல்லாமல் படத்தாலேயே விதி விளங்கிவிட்டது. கலீலியோ, ஏறத்தாழ 12 முழ நீளமான மரத்தில் பள்ளம் வெட்டி, அதனுள் நன்கு மெருகிட்ட தோல்தாளை ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். காலத்தை நீர் ஒழுகும் அளவால் நிறுத்தார். உராய்வைக் குறைக்கத் தோலை நாடியது வாணியம்பாடி அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும். சமமான காலப் பகுதிகளில் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளர்ந்தன. ஒரு சரிவில் இறங்கிய குண்டு எதிர்ச்சரிவில் அதே உயரத்துக்கு ஏற முயலும்; எதிர்ச்சரிவைப் படுக்கவைத்துக்கொண்டே போனால் அந்த உயரத்தைத் தேடி அது ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். இப்னு சீனா எந்தப் படியிலிருந்து திரும்பினாரோ அந்தப் படியைக் கலீலியோ தாண்டினார். அவர் நூலும் 1638-இல் லெய்டனிலேயே அச்சாயிற்று. குஸ்தாவின் மொழிபெயர்ப்பு ஏட்டுப் பிரதி ஒன்றும் அதே 17-ஆம் நூற்றாண்டில் அந்நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. அது பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அச்சேறியது 1893-இல்தான்.

சாய்தளக் கணக்கில் வரும் 'சைன்' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்னும் வடமொழிச் சொல் அரபில் 'ஜீபா' என எழுதப்பட்டது. உயிர்க்குறியின்றி எழுதியதால் பின்வந்தோர் அதனை 'ஜைப்' என்று படித்தனர். ஜைப் என்பது சட்டையின் மார்புத் திறப்பு, மடி. லத்தீனில் மடியைக் குறிக்கும் சொல்லால் அதை மொழிபெயர்த்தனர். அதுவே சைன் ஆயிற்று. நம் சட்டை ஜேபியும் அந்த ஜைபின் வழிவந்ததே. பிள்ளைகள் ஜேபியில் கைவிட்டபடி சைன் கணக்குப் போடுகின்றனர். இரண்டும் ஒரே சொல் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இதுவரை தளம் அசையாது நின்றது. தளமாகிய ஆப்பே வழவழப்பான தரையில் நகரக்கூடியதாயின் என்னவாகும்? கட்டையைத் தளம் தள்ளும்போது கட்டையும் தளத்தை அதே அளவுக்குத் திருப்பித் தள்ளுகிறது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி இது. தோணியிலிருந்து கரைக்குத் தாவுபவன் தோணியைப் பின்னே உதைத்துவிடுகிறான் என்பது காயல்பட்டினத்துச் சிறுவனுக்கும் தெரியும். அவ்வாறே கட்டை முன்னே சறுக்க, ஆப்பு பின்னே நழுவுகிறது. ஆப்பு 3 கிலோ, கட்டை 1 கிலோ, சாய்வு 30 பாகை என்று கொள்வோம். ஆப்பு நிலையாக இருந்தால் கட்டையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சரிபாதி. ஆப்பு நழுவ விட்டாலோ, ஆப்பின்மேல் இருந்து பார்ப்பவருக்கு அது நூற்றுக்கு 50 என்பதிலிருந்து சுமார் 62 ஆகக் கூடுகிறது. கட்டை ஆப்பை அழுத்தும் விசை, கட்டையின் எடையில் நூற்றுக்கு 87 பங்கிலிருந்து 80 பங்காகக் குறைகிறது. தரையில் நிற்பவர் காணும் காட்சி இன்னும் விந்தையானது. 30 பாகைச் சரிவில் சறுக்கும் கட்டை, அவர் கண்ணுக்கு ஏறத்தாழ 37½ பாகைச் சரிவில் இறங்குகிறது; ஏனெனில் அதன் கீழிருந்த தரை விலகிக்கொண்டே போகிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான எடைமையம் பக்கவாட்டில் மயிரிழையும் நகர்வதில்லை.

இனி ஜவ்வாது மலையின் மேலேயே இவ்விதி வேலை செய்யும் ஓரிடத்தைக் காண்போம். ஆலங்காயத்துக்கு அப்பால், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. நகரங்களின் வெளிச்சம் எட்டாத வானத்தைத் தேடியலைந்த வைனு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தார். ஹைதராபாத்தில் நவாப் ஸஃபர் ஜங் தொடங்கிய நிஜாமியா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவருடைய தந்தையார். நட்சத்திரங்களின் பழக்கம் மகனுக்கு அங்கேயே வந்தது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் காவலூரில் வேலையைத் தொடங்கின. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6-இல் பிரதமர் ராஜீவ் காந்தியால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயரையே பெற்றது. 1982-இல் மறைந்த பாப்பு அதைக் காணவில்லை.

பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்வதுபோல் தோன்றும். அதைப் பின்தொடர, தொலைநோக்கி சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். துருவத்தில் அந்த அச்சு செங்குத்தாக நிற்கும். நிலநடுக்கோட்டில் படுத்துக் கிடக்கும். காவலூரின் அட்சரேகை ஏறத்தாழ 12½ பாகை. ஆகவே அங்கே அச்சு தரையிலிருந்து 12½ பாகை வடக்கே நிமிர்ந்திருக்கிறது. சாய்தளக் கட்டையின் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அச்சின்மேல் ஏற்றப்பட்ட ஒவ்வொரு 100 கிலோ எடையும், ஏறத்தாழ 22 கிலோ அளவுக்கு அச்சின் வழியே தெற்கு நோக்கிச் சரியப் பார்க்கிறது. ஏறத்தாழ 98 கிலோ அளவுக்கு அச்சுக்குக் குறுக்கே அழுத்துகிறது. முன்னதைத் தெற்கு முனையில் தடுத்தாக வேண்டும். பின்னதைச் சுழற்சிக்குத் தடையில்லாமல் தாங்கியாக வேண்டும். சுழற்சியில் சிறிது உராய்வு மிகுந்தாலும் நட்சத்திரம் படத்தில் கோடாக இழுபடும். இதே தொல்லையைச் சமாளிக்க, 1948-இல் திறக்கப்பட்ட அமெரிக்கப் பாலோமர் மலையின் ஐந்து மீட்டர் தொலைநோக்கியில், சுமார் 500 டன் பாரத்தை அழுத்தமூட்டிய மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கவிட்டனர். அதனைச் சுழற்றச் சிறியதொரு மோட்டாரே போதுமாயிற்று. மாணவர் தேடிய உராய்வற்ற தளத்துக்கு மனிதர் சென்றடைந்த மிக அருகான இடங்களுள் அது ஒன்று.

காவலூரில் இரவுதோறும், எந்த நட்சத்திரத்தை நோக்க வேண்டுமாயினும் முதலில் இரண்டு எண்களைக் கருவிக்குக் கொடுக்கின்றனர். அவற்றுள் ஒன்று, வானத்தின் நடுவட்டத்திலிருந்து அந்த நட்சத்திரம் வடக்கிலோ தெற்கிலோ எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது. சூரியனின் அத்தகைய விலகலுக்கு அரபு வானியலார் இட்ட பெயரும் 'மைல்' என்பதே. ஷரஹ் சக்மீனி ஓதிய பழைய ஆலிம்களுக்கு அது பழகிய சொல்.